வாயை ஊது

முப்பது வயதைத் தாண்டியதும் என் முகம் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கன்னமும் மூக்கும் திடீரென்று சிவந்துபோகும். தொட்டால் எரியும். மூக்கின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள் வேறு. பிற்காலத்தில் ஒரு தோல் மருத்துவர் அதற்கு ரோசேசியா என்று பெயர் சொன்னார். அறுபதுகளில் எங்கள் தருமபுரியில் யாருக்கும் அது தெரியாது. பார்த்தவர்கள் எல்லாரும் சாராயம் என்றார்கள்.

மதுவிலக்கு இருந்த காலம். குடிக்கிறவன் கொல்லைப்பக்கம் ஒளிந்து குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு யோக்கியனாக நடந்து போவான். ஒரு சொட்டும் தொடாத நான்தான் ஊருக்குக் குடிகாரன். அதிலும் நான் பஸ் டிரைவர். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையில், தொப்பூர் கணவாய் வழியாக ஓடிய ஒரு தனியார் பஸ். ஏறிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் இறங்கிப் போனவர்கள் உண்டு. வழியில் எந்தப் போலீஸ்காரர் நிறுத்தினாலும் முதல் வார்த்தை, "வாய ஊது." ஊதுவேன். முகர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ நான் அவரை ஏமாற்றிவிட்டது மாதிரி முறைப்பார்.

அந்தக் கால பஸ்ஸில் என்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். இடது பக்கம் என்ஜின் சூடு, வலது பக்கம் வெயில். என் தோலுக்கு இரண்டுமே எமன். வேலையை விட்டால் சோறு கிடையாது. அதனால் தோலைக் காப்பாற்றப் பார்த்தேன். எது ஆகும், எது ஆகாது என்று பட்டுப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முகத்துக்குச் சோப்புப் போடுவதை விட்டேன். சவரம் முடிந்து நாவிதர் படிகாரக் கல்லைத் தேய்க்க வந்தால் அவர் கையைத் தட்டிவிடுவேன். டீயை ஆறவைத்துத்தான் குடிப்பேன். அதைப் பார்த்துத் தொப்பூர் டீக்கடையில் ஒரு சிரிப்பு. வீட்டில் என் மனைவி எனக்கு மட்டும் மிளகாய் போடாமல் தனியாகக் குழம்பு வைத்தாள். நான் திரும்பி வந்ததும் பழைய வேட்டித் துணியைப் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என் முகத்தில் விரிப்பாள். அப்போதுதான் எனக்கு உயிர் வரும். ஊர் என்ன சொன்னால் என்ன, இவள் ஒருத்தி நம்பினால் போதும் என்றிருந்தேன்.

ஒரு சித்திரை மாதம், சேலத்திலிருந்து திரும்பும்போது கணவாயில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே இறங்கி வந்த லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. முடிந்தமட்டும் ஓரம் ஒதுக்கினேன். ஆனாலும் பஸ்ஸின் வலது பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது லாரி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அங்கேயே இறந்துபோனாள். லாரிக்காரன் இறங்கி ஓடிவிட்டான். கூட்டத்தின் கையில் அகப்பட்டது நான்தான்.

"மூஞ்சியப் பாருங்கடா! ராவெல்லாம் ஊத்தியிருக்கான்!"

கன்னத்திலேயே அடித்தார்கள். அடிக்க அடிக்க முகம் சிவந்தது. சிவக்கச் சிவக்க இன்னும் அடித்தார்கள்.

போலீஸ்காரரிடம் ஊதினேன். பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் ஊதினேன். ஆள் குடிக்கவில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். தப்பு லாரிமேல்தான் என்றும் ஆனது. அந்தத் தைரியத்தில் பஸ் முதலாளியைப் போய்ப் பார்த்தேன்.

"நீ குடிக்கலன்னு எனக்குத் தெரியும்பா. ஏறுற சனத்துக்குத் தெரியணுமில்ல? இந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நீ ஸ்டீரிங்ல உக்கார வேணாம்."

"டாக்டரே சொல்லிட்டாருங்களே, மொதலாளி."

"டாக்டரா வந்து நம்ம பஸ்ல ஏறுறாரு?"

வெயிலிலேயே வீட்டுக்கு நடந்தேன். முகம் அடுப்பு மாதிரி எரிந்தது.

கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, வேலை போனதை மனைவியிடம் சொன்னேன். வழக்கம்போலத் துணியை நனைத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்ச நாளு வூட்லயே இருங்க. மூஞ்சியாவது ஆறட்டும்."

துணியை என் முகத்தில் விரித்தாள். விரித்தவள் நகரவில்லை. குனிந்தாள். என் வாய்க்குப் பக்கத்தில், மெல்ல, மூச்சை உள்ளே இழுத்தாள். துணிக்கு அடியில் எனக்கு அது நன்றாகக் கேட்டது.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. ரோட்டில் அத்தனை பேர் அடித்தபோதுகூட வராத அழுகை. துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன். அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினேன்.