கட்டிலுக்கு வாங்கிய தேக்கு

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே அந்த மரத்தில் இடித்துக்கொண்டேன். நடு அறையின் சுவரோரம் கோணி போர்த்திக் கிடந்தன தேக்கு உத்தரங்கள். சுண்டுவிரலில் ரத்தம் வந்துவிட்டது. ஓடிவந்த மாமியார் முதலில் மரத்தைப் பார்த்தார், அப்புறம்தான் என் காலை. கோணி விலகிய இடத்தில் ஓர் உத்தரத்தின் முனை தெரிந்தது. அதில் எப்போதோ தடவிய மஞ்சளும் குங்குமமும் பழுப்பேறி, துடைத்தாலும் போகாத கறையாக மரத்துக்குள் இறங்கியிருந்தன. அக்காவுக்குக் கட்டில் அடிக்க அப்பா வாங்கினது என்று என் கணவர் சொன்னார். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அவருடைய அக்காவுக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, அப்போதே முப்பது தாண்டியிருந்தது.

மாமனார் பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து வீடு ஒன்றை இடித்தபோது ஏலத்தில் இந்த உத்தரங்களை எடுத்திருக்கிறார். மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாட்டு வண்டியில் வந்து இறங்கிய மரத்துக்கு மஞ்சள் வைத்து, பெண் கல்யாணத்துக்கு என்று உள்ளே சாய்த்தார்கள். மாமனார் போன பிறகு அதைக் காப்பது மாமியாரின் வேலையானது. அடிக்கடி கோணியைத் தூக்கி, கறையான் அரித்திருக்கிறதா என்று பார்ப்பார், மண்ணெண்ணெய் தடவுவார். அந்த வாசனையில்தான் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அந்த மரம் காட்டப்பட்டது. நாத்தனார் காப்பி கொடுத்து முடித்ததும் மாமியார் எழுந்து கோணியை விலக்குவார். கட்டில், பீரோ இரண்டுக்கும் தேறும் என்பார். வந்தவர்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள், நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். பெண்ணை அவ்வளவு நேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நாத்தனார் காலி டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். முதல் தடவை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்கடுத்த தடவைகளில் நானே கோணியைத் தூக்க ஒரு கை கொடுத்தேன்.

நாத்தனார் அரசாங்க ஆபீசில் கிளார்க். ஆபீஸ் இருந்ததும் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சு வீட்டில்தான். நான் உண்டாகியிருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு நாள் என்னை அங்கே கூட்டிப்போனார். பின்பக்கத் தோட்டத்தில் மரத்தூண்கள், மேலே உத்தரம், குறுக்கே இடைவெளி விட்டு ரீப்பர் சட்டங்கள், அதன் மேல் கொடி. பெர்கோலா என்று பெயர் சொன்னார். ஓலை போட மறந்த பந்தல் என்றேன் நான். அவர் சிரித்ததை நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. இங்கேதான் மத்தியானம் சாப்பிடுவேன் என்று சிமெண்டு பெஞ்சைக் காட்டினார். பெஞ்சு இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இருந்தது.

அந்த இரண்டாவது ஆள் யார் என்று பிறகு என் கணவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கூட வேலை பார்த்த கிறிஸ்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். என் கல்யாணத்துக்குச் சில வருஷம் முன்னால் அவரே வீட்டுக்கு வந்து பெண் கேட்டிருக்கிறார். மாமியார் மரியாதையாகக் காப்பி கொடுத்து, சாதி சனம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு மட்டும் கோணியை விலக்கிக் காட்டவில்லை. அந்த மனிதர் பிரான்சுக்கே போய்விட்டார். நாத்தனார் மறுநாள் வழக்கம்போல ஆபீசுக்குப் போனார். இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஆபீசைக் கடற்கரையிலிருந்து தள்ளி லாஸ்பேட்டைக்கு மாற்றினார்கள். புதுக் கட்டடம், மின்விசிறி, தோட்டம் கிடையாது. மாற்றிய சில மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆசாரி கருவிப் பையோடு வாசலில் நின்றார். நாத்தனார் வரச் சொல்லியிருந்தாராம், அன்று லீவும் போட்டிருந்தார். ஆசாரி நேரே நடு அறைக்குப் போய்க் கோணியை விலக்கினார்.

மாமியாருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று இப்போது நினைத்தால் புரிகிறது. கட்டில் மரத்துக்கு ஆசாரி வந்துவிட்டார் என்றால் மகள் யாரையோ முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம். மளமளவென்று போய் விளக்கேற்றினார். திரும்பி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரா இருந்தாலும் சரிடி. வேதக்காரரா இருந்தாலும் சரி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நாத்தனார் கையை உதறவில்லை. கோபமும் இல்லை. கடைக்காரரிடம் கத்திரிக்காய் இருக்கிறதா என்று கேட்கும் குரலில்தான் சொன்னார்.

"அத அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

என் இடுப்பில் இருந்த மகள் ஏதோ உளறிக்கொண்டிருந்தாள். பிறகு நாத்தனாரே, கட்டில் இல்லை, தோட்டத்தில் பந்தல் போடப் போகிறோம் என்று ஆசாரியிடம் சொன்னார். மாமியார் என் மகளை ஒரு முறை பார்த்தார். மரம் பேத்தி கட்டிலுக்காவது ஆகும் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அந்த மரத்தின் மேல் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. அடுப்பில் பால் இருந்தது, உள்ளே போய்விட்டேன்.

ஆசாரி அளந்து பார்த்து, உத்தரம் நீளம், தோட்டத்துக்குத் தக்கபடி அறுத்துவிடலாம் என்றார். அறுக்க வேண்டாம், இருக்கிற நீளத்துக்கே இருக்கட்டும் என்றார் நாத்தனார். அதனால் தூண்களைத் தாண்டி இரண்டு பக்கமும் உத்தரம் நீட்டிக்கொண்டு, பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் அமைந்தது. எல்லா மரத்தையும் இழைத்த ஆசாரி, மஞ்சள் பட்ட முனையில் மட்டும் இழைப்புளி வைக்க மாட்டேன் என்றுவிட்டார். முதல் தூணை நிறுத்தும்போது வழக்கப்படி மஞ்சளும் மாவிலையும் கேட்டார். நாத்தனார் தடுக்கவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மாவிலை கட்டிய கால் தெருவிலிருந்தே தெரிந்தது. பந்தக்கால் நட்ட வீட்டில் கல்யாணம் என்பது யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயமா? தெருவே வந்து விசாரித்தது. வைத்திக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக நாத்தனாரிடமே கேட்டார்.

"கடசீல அமஞ்சிச்சாம்மா? மாப்பிள எந்த ஊரு?"

"கல்யாணம் இல்லம்மா. நெழலுக்கு."

மீன்காரம்மா மேலே பார்த்தார். வெறும் ரீப்பர், நடுவில் வானம், கீழே கட்டம் கட்டமாக வெயில். அன்றைக்கு நாலு மீன் கூடப் போட்டுவிட்டுப் போனார்.

ரங்கூன் மல்லி வைத்தோம். ஏறிப் படர இரண்டு மழை பிடித்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் நாத்தனார் டீயை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருவார், இருட்டியதும் எழுந்து வருவார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தாரா என்று கேட்டால் அதுவும் தெரியாது. அங்கே உட்கார்ந்திருக்கும்போது யாரும் அவரைப் பார்க்க வரமாட்டார்கள் என்பது மட்டும் உறுதி. ஆசாரி கோணியை விலக்கிய நாளோடு பெண் பார்க்க வருவது நின்றுபோனது. மாமியார் கடைசிவரை அந்தப் பந்தலுக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் கொடிக்குக் காலையில் தண்ணீர் ஊற்றியது அவர்தான். வெளியே நின்று கையை நீட்டி ஊற்றுவார்.

மாமியார் போய் வெகு காலம் ஆகிறது. நாத்தனார் போன வருஷம் போனார். சாமியானா போட வந்த பையன்கள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் வேண்டாம், அங்கேதான் பந்தல் இருக்கிறதே என்றார்கள். வந்தவர்கள் அதன் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் காப்பி கொடுத்தேன். அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை. என்னமோ ஆகிவிட்டது எனக்கு என்று மகள் போனில் கவலைப்படுகிறாள்.

போன மாதம் பக்கத்து வீட்டை இடித்தார்கள். பழைய மரம் வாங்க வந்த வியாபாரி மதிலுக்கு மேலே எங்கள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்து டம்ளரை என்னிடம் கொடுத்தார். பிறகு நீட்டிக்கொண்டிருந்த முனையை விரலை மடக்கித் தட்டினார். மஞ்சள் கறை இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். நான் காலி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன்.

"பர்மா தேக்கும்மா இது. ஜோரா ரெண்டு கட்டில் அடிக்கலாம். எதுக்கு இப்பிடி வெட்டவெளியில போட்டு வெச்சிருக்கீங்க?"

"நெழலுக்கு" என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். ரங்கூன் மல்லி நாத்தனாரோடு சேர்ந்தே பட்டுப்போயிருந்தது. எங்கள் இரண்டு பேர் தலையிலும் வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.