இரண்டால் பெருக்காத கணக்கு

என் அக்கா வீட்டுக்காரர் முப்பத்து நான்கு வருடம் தண்ணீரைச் சோதித்தே காலத்தை ஓட்டினார். நகரக் குடிநீர் அலுவலக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. நான் மாமா என்று கூப்பிடுவேன். அலுவலகத்தில் அவருக்குச் ‘சொட்டு’ என்று பெயர். கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் சிவப்பாக இருக்கும் தண்ணீர் எந்தச் சொட்டில் நீலமாகிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு மருந்து பிடிக்கிறதோ அவ்வளவு உப்பு. கண்ணை இமைக்காமல் பார்ப்பாராம். எதிலும் அவ்வளவு சுத்தம். சட்டைப் பையில் இருக்கும் பேனா மூடி கழன்று நான் பார்த்ததே இல்லை.

எங்கள் ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்துபோய்க் கையில் ஒட்டும். குழாய் முனையில் வெள்ளையாகக் காரை கட்டும். ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொள்ள, மீதி ஓட்டையில் வரும் தண்ணீர் நம்மை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டும். புதுத் துண்டு ஆறே மாதத்தில் உப்புத்தாள் ஆகிவிடும். நான் குறை சொல்லக் கூடாது. தெருமுனையில் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கிற கடை என்னுடையது. ஊரார் ஹீட்டரில் உப்புப் படிந்து உள்ளே காயில் எரிந்துபோனால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் யோக்கியன் மாதிரி மாமாவைத் திட்டுகிற உரிமை எனக்கு முழுசாகக் கிடையாது. இருந்தாலும் திட்டத்தான் போகிறேன்.

உப்பு மிகுந்த தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் அப்படியே சோதிக்க மாட்டார்கள். பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்துவிட்டு, வந்த எண்ணை இரண்டால் பெருக்குவார்கள். ஒருநாள் மாமா பெருக்க மறந்துவிட்டார். அக்காவுக்குக் காய்ச்சல் என்று அரைநாள் விடுப்பு போட்டு ஓடிவந்த அவசரம். ஐந்நூற்று எண்பது என்று போக வேண்டிய அறிக்கை இருநூற்றுத் தொண்ணூறு என்று போய்விட்டது. அலுவலகத்தின் வரம்பு முந்நூறு. மறுநாள் பதறிப்போய் மேலதிகாரி முன்னால் நின்றிருக்கிறார். அந்த ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு இவரை உட்காரச் சொன்னாராம். அந்த அறையில் மாமா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“நல்லாத்தானேய்யா இருக்கு. இத ஏன் கெடுக்குற?”

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, லஞ்சம் இல்லை. அன்றைக்கு மறந்ததை அடுத்த மாதமும் மறந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய மனிதர் பதினோரு வருடம் இரண்டால் பெருக்க மறந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அவர் வீட்டு ஹீட்டரைக் கழற்றிய ஒரு மத்தியான நேரத்தில். உள்ளேயிருந்து வெள்ளைக் கட்டிகள் பாத்ரூம் தரையில் பொலபொலவென்று கொட்டின.

“என்ன மாமா, ரிப்போர்ட்ல தண்ணி தங்கம்னு எழுதுறீங்க. இங்க சிமென்ட் மூட்டையே விழுது?” என்று கிண்டலாகக் கேட்டேன்.

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். “இதால யாருக்கும் உயிர் போயிடலியே மாப்ள” என்று முடித்தார். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

அக்கா வீட்டிலேயே துணி தைப்பவள். வழுவழுவென்று நழுவுகிற துணி என்றால் மற்ற தையல்காரர்கள் நழுவிவிடுவார்கள், அவள் வாங்கிக்கொள்வாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவள் கைகளில் முதலில் அரிப்பு வந்தது, பிறகு விரல் நுனிகளில் வெடிப்பு. வெடிப்பில் இழை மாட்டித் துணியில் நூல் இழுபட்டது. ஒரு வெள்ளைக் கவுனில் ரத்தப் பொட்டு விழுந்து, அதைக் கொடுத்தவள் தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனாள்.

“இந்தத் தண்ணியில சோப்பு கையை விட்டுப் போகவே போகாது. உப்புக் கம்மியான தண்ணி கெடைச்சா ஆறும்னு நெனைக்கிறேன். அதுவரைக்கும் களிம்பு ஒப்புக்குத்தான்” என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார்.

தண்ணீரில் உப்பைக் குறைக்கிற கருவி இருக்கிறது. ஆனால் அக்காவும் நானும் குடியிருக்கிற அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு பக்கம் நாலு குழாய் இறங்குகிறது. மாட்டினால் மொட்டைமாடித் தொட்டியில், இருபத்துநாலு வீட்டுக்கும் சேர்த்துத்தான் மாட்ட வேண்டும். அதற்குக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். அக்கா எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பெண்கள் சிலர் உச்சுக் கொட்டினார்கள். சங்கச் செயலாளர் பவ்யமான ஆள். அதைவிட ஆபத்தான ஆளை நான் பார்த்ததில்லை.

“நாங்க யாரும் இரக்கமில்லாதவங்க இல்லம்மா” என்று ஆரம்பித்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை உருவினார். “இருநூத்தித் தொண்ணூறு. வரம்புக்குள்ளதான் இருக்கு. கீழ கையெழுத்து யாரோடதுன்னு நீங்களே பாருங்க.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அக்கா மாமா பக்கம் திரும்பினாள். அவளுக்கு எதுவும் தெரியாது. ஏதோ மெஷின் தப்பாகக் காட்டியிருக்கும் என்றுதான் நினைத்தாள்.

“என்னங்க, நீங்களே சொல்லுங்க.”

மாமா எழுந்தார். “ரிப்போர்ட்ல இருக்கறதுதான்” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாற்காலி தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வாய் இருந்தது. இங்கே அந்தக் கருவி வந்தால் அடுத்த கட்டிடத்துக்கும் வரும், அப்புறம் என் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று ஒரு கணம் மனசு கணக்குப் போட்டது. அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டேன். கருவி வேண்டும் என்று கை தூக்கியவர்கள் நாலே பேர். நானும் தூக்கினேன், அது ஜெயிக்காது என்று தெரிந்த பிறகு.

அக்கா வீட்டுக்குப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“இன்னிக்கே சரியா எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றாள் மாமாவிடம்.

“ரிட்டையராக பதினாலு மாசம்தான் இருக்கு. இப்ப வாயத் தொறந்தா பத்து வருஷத்தையும் தோண்டுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“நான் பொறுத்துக்குவேன். கை பொறுக்காதுங்க.”

மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்கப்புறம் அவள் இதைப் பற்றி அவரிடம் பேசவே இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை. பொண்டாட்டி கையை விரித்துக் காட்டியும் ஒரு மனிதன் பதினாலு மாதத்தை எண்ணிப் பார்ப்பான் என்றால், அவன் சுத்தத்தை என்ன செய்வது?

எட்டாவது மாதம் துணி கொடுப்பவர்கள் வருவது நின்றது. பத்தாவது மாதம் தையல் மெஷினை அடுத்த தெருப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். பதினாலாவது மாதம் மாமாவுக்கு அலுவலகத்தில் நல்ல வழியனுப்பு விழா. நேர்மைக்கு இலக்கணம் என்று மேலதிகாரி பேசினாராம்.

ஒரு வாரம் கழித்து மாமா உட்கார்ந்து கடிதம் எழுதினார். தண்ணீரில் இருக்கும் உண்மையான அளவு, இத்தனை வருடம் தான் செய்தது, எல்லாம் அதில் இருந்தது. கீழே கையெழுத்து. என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனார். செயலாளர் நின்றபடியே இரண்டு தடவை படித்துவிட்டு, பவ்யமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“சார், நீங்க இப்ப ஆபீஸ்ல இல்ல. இந்தக் கையெழுத்த வச்சு நான் என்ன பண்றது? நேத்துதான் புது ரிப்போர்ட் வந்துச்சு. உங்க எடத்துக்கு வந்தவர் போட்டது. இருநூத்தி எண்பத்தஞ்சு. உங்க காலத்தவிட இப்ப நல்லா இருக்கு சார்.”

மாடி ஏறும்போது மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கதவு திறந்தே இருந்தது. அக்கா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து விரல்களுக்குக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

“எழுதிட்டேன்” என்று கடிதத்தை நீட்டினார் மாமா. “படிச்சுப் பாரு.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கையில மருந்து இருக்கு. அப்படி எங்கயாவது வச்சிடுங்க” என்றாள்.