துட்டி வீட்டு வைஃபை

மந்திரமூர்த்தி தோளில் பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், "என்ன அண்ணாச்சி, யாரு வீட்டுல?" என்றுதான் கேட்பார்கள். சாப்பிட்டாச்சா, சௌக்கியமா என்று கேட்கிற வழக்கமெல்லாம் அவர் விஷயத்தில் ஒழிந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. அவர் தொழில் அப்படி. சாவு வீட்டை எங்கள் பக்கம் துட்டி வீடு என்போம். அங்கே போய் கேமரா வைத்து, அடக்கம் முடியும்வரை வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு நேரலையில் காட்டுகிறவர் அவர். கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் கப்பலிலோ துபாயிலோ இருப்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. தூக்கத்துக்குத்தான் பஞ்சம்.

தூத்துக்குடியில் அவர் ஸ்டூடியோவுக்கு அடுத்தது என் ஜெராக்ஸ் கடை. வீடும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முன்பெல்லாம் கல்யாணங்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் ட்ரோன் கேட்க ஆரம்பித்தார்கள். மந்திரமூர்த்திக்கு அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றும். ஒருமுறை வாடகைக்கு எடுத்த ட்ரோனைத் தென்னை மரத்தில் மாட்டிவிட்டு, இறக்க ஆள் தேடுவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. அதோடு கல்யாணம் அவரைக் கைவிட்டது. துட்டி வீட்டுக்காரர்கள் ட்ரோன் கேட்பதில்லை.

இது பதினோராவது வருஷம். வயது ஐம்பத்திரண்டு. கேமராவைத் தூக்கித் தூக்கி இடது தோள் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. இதற்கு மேல் குளியல் வேறு. துட்டி வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. நமக்கெல்லாம் வருஷத்தில் நாலைந்து முறை வருகிற குளியல், அவருக்கு வாரத்தில் நாலைந்து முறை. நேரே பின்வாசலுக்குப் போய், தொட்டித் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொள்வார். வெந்நீர் வைத்துத் தருகிறேன் என்று அவர் மனைவி முருகேஸ்வரி சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டாள். "அது கொதிக்கிற வரைக்கும் நான் நின்னுக்கிட்டு இருக்கணுமாக்கும்?" என்பார். மூக்கடைப்பு அவரிடம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. முருகேஸ்வரி பையையும் விடமாட்டாள். ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு கேமரா, லேப்டாப் என்று பேதம் பார்க்காமல் பை மேல் தெளிப்பாள்.

போன மாதம் நடந்தது இது. அவருடைய லேப்டாப் இரண்டு மாதமாகவே அப்டேட் போடு, அப்டேட் போடு என்று நச்சரித்துக்கொண்டிருந்தது. இவரும் 'பிறகு' என்பதையே அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம், வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல், 'சரி' என்பதை அழுத்திவிட்டார். மறுநாள் காலையில் திறந்தால் எல்லாமே இடம் மாறிக் கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. வைஃபை இரண்டு முறை தானாக அறுந்து தானாக வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"முருகேசு தெளிச்ச தண்ணி உள்ள போயிட்டோ?"

"தண்ணி போயிருந்தா மொத்தமாப் போயிருக்கும் அண்ணாச்சி. இது அப்டேட்டு பண்ணுத வேலை" என்றேன். பெரிய நிபுணன் மாதிரி நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகப் பிறகு வருத்தப்பட்டேன்.

உட்கார்ந்து சரிபார்க்க நேரமில்லை. மணப்பாட்டில் பாஸ்கல் என்பவர் முந்தின நாள் காலையில் இறந்திருந்தார். முப்பது வருஷம் கடலில் இருந்த மனிதர். மகள் டெல்பின் துபாயிலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள். மகன் அனிஷ் வர முடியாது. அவன் பிரேசில் பக்கம் போய்க்கொண்டிருக்கிற சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. நடுக்கடலில் யார் இறக்கிவிடுவார்கள்? நம் நேரத்துக்குப் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை ஓய்வு, அதற்குப் பிறகு டூட்டி. அதற்குள் அப்பா முகத்தை அவனுக்குக் காட்டிவிட வேண்டும். இதுதான் மந்திரமூர்த்தியிடம் ஒப்படைத்த வேலை.

ஸ்கூட்டரில் அறுபது கிலோமீட்டர். போய்ச் சேரும்போது பதினொன்றரை. கூடத்தின் நடுவே ஃப்ரீசர் பெட்டிக்குள் பாஸ்கல். தலைமாட்டில் வெள்ளைத் துணி கட்டி சிலுவை வைத்திருந்தார்கள். பெண்கள் மைக்கில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாஸ்கலின் மனைவி பிலோமினா பெட்டியின் கண்ணாடி மேல் ஒரு கையை வைத்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மந்திரமூர்த்தி ஸ்டூல் மேல் வைத்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அனிஷ் திரையில் வந்தான். ஆரஞ்சு நிற வேலை உடுப்பு, காதில் இயர்போன். "அம்மா, முகம் தெரியல, கண்ணாடி பூரா ஆவியா இருக்கு" என்றான். டெல்பின் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பதற்குள் அவன் போய்விட்டான். மூன்று நிமிடம் கழித்து வந்தான். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போய்விட்டான்.

மந்திரமூர்த்திக்கு வியர்த்துவிட்டது. இணைப்பை மறக்கச் சொல்லி, மறுபடி கடவுச்சொல்லைப் போட்டார். அனிஷின் பெயரும் பிறந்த வருஷமும்தான் கடவுச்சொல். அணைத்துப் போட்டார். அதற்கும் மசியவில்லை. போன் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். ஊரே அந்தத் தெருவில் திரண்டு நிற்க, டவர் திணறி, அனிஷின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒயரை நேரே செருகலாம் என்றால் அந்த லேப்டாப்பில் அதற்கான துளையே கிடையாது.

பாஸ்கலின் தம்பி வில்பிரட் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். "ஓய், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீரா?"

"பாத்தாச்சு."

"இன்னொரு தடவ பண்ணிப் பாரும்."

உலகத்தில் எந்த மிஷின் கெட்டாலும் இந்த ஒரு யோசனை சொல்ல ஒருவர் எங்கிருந்தாவது முளைத்துவிடுகிறார். மந்திரமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவையும் செய்தார். பிறகு லேப்டாப்பின் செட்டிங்குக்குள் போய், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபையை அணைத்துக்கொள் என்று அப்டேட் சொல்லிவைத்திருந்ததை நீக்கினார். அது புதிதாக ஏற்றியிருந்த டிரைவர் என்கிற வைஃபை மென்பொருளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதைப் போட்டார். மணி ஒன்று இருபது. அனிஷ் வந்தான். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. "அப்பா தாடி எடுக்கலையா?" என்று கேட்டான். டெல்பின் பதில் சொல்ல வாயெடுத்தாள். திரை நின்றுவிட்டது.

"அந்த லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கடல்ல எறிஞ்சிரலாம்னு வந்துச்சு வே" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். "பதினோரு வருஷத்துல ஒரு வீட்டுல கூட அழுததில்ல. அங்கன அழுகை வந்துட்டு. துக்கத்துல இல்ல, அலுப்புல." அப்படியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாராம்.

"தம்பி" என்றார் பிலோமினா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

"சொல்லுங்கம்மா."

"இந்தப் பெட்டி உறுமுதுல்லா, அப்பம்லாம் பிள்ளை போயிருதான்."

இவருக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்லுதிய?"

"கண்ணாடில கை வச்சிருக்கம்லா. பெட்டி நடுங்கும். நடுங்குன உடனே அதுல பிள்ளை மறைஞ்சிருதான். பன்னெண்டு மணில இருந்து அதத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

மந்திரமூர்த்தி எழுந்து தலைமாட்டுத் துணியை விலக்கினார். அதன் பின்னால் சுவரில் மோடம் இருந்தது. அதன் கீழே ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு. ஃப்ரீசர் பெட்டி, இரண்டு மேசை விசிறி, செபமாலை மைக்கு, மோடம் என்று எல்லாம் அதிலேயே தொங்கின. அவர் காத்திருந்தார். பெட்டி உறுமியது. விசிறிகள் ஒரு கணம் தளர்ந்தன. மோடத்தின் விளக்குகள் மொத்தமாக அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. முழுதாக வர மூன்று நிமிடம்.

பெட்டியின் இன்ஜின் கிளம்பும்போதெல்லாம் அந்தப் போர்டில் கரண்ட் இறங்கியிருக்கிறது. மோடம் செத்துப் பிழைத்திருக்கிறது. கூடத்தில் இருந்தவர்களின் போன்கள் தாமாகவே டேட்டாவுக்கு மாறிக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. காலையில் ஸ்டூடியோவில் அறுந்ததற்கு அப்டேட்தான் காரணமாக இருந்திருக்கும், டிரைவரை மாற்றியதில் அது சரியாகியும் இருக்கும். ஆனால் அப்டேட் மேல் இருந்த கோபத்தில் மனிதருக்கு வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் கோபத்தை ஊட்டி அனுப்பியவன் நான்.

"கூடத்துல வேற பிளக்கு இல்ல. பக்கத்து வீட்டுல இருந்து தனியா ஒயர் இழுத்தா சரியாயிரும்மா. அரை மணி நேரம் ஆகும்" என்றார். மணி ஒன்று ஐம்பது.

"பெட்டிய நிறுத்துங்க" என்றார் பிலோமினா.

வில்பிரட் பதறினார். "மதினி, மூணு மணிக்குத்தான வெளிய எடுக்கணும்? வெயிலு வேற..."

"நேத்துல இருந்து ஐஸுக்குள்ள கிடக்காவ. முப்பது வருஷம் கடல்ல நனைஞ்சது காணாதா? வெளிய எடுங்க. பிள்ளை கண்ணாடி இல்லாமப் பாக்கட்டும்."

பெட்டியை அணைத்தார்கள். நாலு பேர் சேர்ந்து பாஸ்கலைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். இரண்டு மணிக்கு அனிஷ் வந்தான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் கிட்ட கொண்டு போறியளா?"

மந்திரமூர்த்தி லேப்டாப்பை மார்போடு அணைத்துத் திரையைப் பாஸ்கல் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். இணைப்புக் கிடைத்துவிட்டால் மகன் ஏதாவது பேசுவான், கதறுவான் என்று நினைத்திருந்தாராம். அவன் ஒன்றும் பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் லேப்டாப்பிலிருந்து கேட்டது. இருபது நிமிடம். இணைப்பு ஒருமுறைகூட அசையவில்லை. இடது தோள் விண்விண்ணென்று தெறித்தது. இவரும் அசையவில்லை.

"அண்ணாச்சி."

"சொல்லு தம்பி."

"அப்பா நெத்தில நான் வைக்க மாதிரி ஒருதடவ கைய வைக்கியளா?"

பதினோரு வருஷத்தில் அவர் எந்த வீட்டிலும் இறந்தவரைத் தொட்டதில்லை. பிலோமினாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். இவர் லேப்டாப்பை இடது கையில் தாங்கிக்கொண்டு வலது கையை நீட்டினார். லேப்டாப்பின் கேமரா பார்க்கிற திசையிலேயே கையும் நீண்டதால், திரையில் பார்க்கிற அனிஷுக்கு அது தன் கைபோலவே தெரிந்திருக்கும். பாஸ்கலின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். அப்படி ஒரு குளிர்ச்சியை அவர் அதுவரை தொட்டதில்லை.

"குளிருதா அண்ணாச்சி?"

"பெட்டிய நிறுத்தியாச்சு தம்பி. இனி குளிராது."

"சரி அண்ணாச்சி. டூட்டிக்கு நேரமாச்சு. அம்மாட்ட சொல்லிருங்க" என்றான். அம்மா பக்கத்திலேயே நின்றார். இரண்டு இருபத்தெட்டுக்கு அவனே இணைப்பைத் துண்டித்தான்.

பிறகு கோயிலில் பூசை, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். எல்லாவற்றையும் படம்பிடித்து முடித்துவிட்டு, மறுபடி அறுபது கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டி வந்தார். ஏழரை மணி இருக்கும். நான் என் வீட்டுப் பின்வாசலில் கை கால் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் முருகேஸ்வரியின் குரல் கேட்டது.

"லேப்டாப்புல தெளிக்கல. காலையிலயே என்னத்தான சந்தேகப்பட்டிய."

"தெளி. அது மேல ஒரு தப்பும் இல்ல."

தொட்டியில் செம்பு விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வழக்கமாக அதுதான் அடுத்து வரும். வெகுநேரம் வரவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.

"முருகேசு" என்றார். "கொஞ்சம் வெந்நீர் வைக்கியா? கை குளிருது."

அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. அன்று தண்ணீர் கொதிக்கும்வரை அவர் காத்துக்கொண்டிருந்தார்.