மருமகள் ஒன்றாய்க் கட்டிய கருவி

என் மருமகள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் ஊர் பரளச்சியில் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு கருவி செய்தாள். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்கள், தாங்கள் எழுதியதில் எங்கே தப்பு இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிற கருவி. சென்னைக் கம்பெனி ஒன்று அதைக் கேட்டிருந்தது. ஆனால், பக்கத்தில் இருந்து யாரும் சொல்லித்தராமலே அது அவர்களுடைய எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அதை எப்படிக் கட்டி அனுப்புவது என்பதில்தான் வீட்டில் வழக்கு.

“கருவி ஓடுறதுக்கு வேண்டிய எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்தா மலை கணக்கா ஆயிரும். நம்மூரு நெட்டுல எறங்குறதுக்குள்ள விடிஞ்சிரும். கருவிய மட்டும் அனுப்பு, மத்தத அவுகளே போட்டுக்கிடட்டும்” என்றான் மகன்.

“சரி, கருவிய மட்டும் போட்டுத்தான் பாப்பமே.” ஒன்றுமே ஏற்றாத பழைய லேப்டாப் ஒன்றை மருமகள் என் முன்னால் வைத்தாள். “அத்தை, நீங்க போடுங்க. உங்களுக்கு ஏறுச்சுன்னா எவனுக்கும் ஏறும்.”

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, எந்த நல்ல காரியத்திலும் நான் முதல் கை வைத்ததில்லை, யாரும் கூப்பிட்டதுமில்லை. அவள் காட்டிய வரியை, அஞ்சாப்பில் படித்த இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடித் தேடி ஒரு விரலால் அடித்தேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தாக ஓடியது.

“நான் தொட்டிருக்கக் கூடாது தாயி” என்று எழுந்துவிட்டேன்.

“அட, உக்காருங்க அத்தை. கருவிக்குத் தொணையா இன்னொண்ணு வேணுமாம், அது இந்த லேப்டாப்புல இல்லையாம். உங்க மகன் பேச்சக் கேட்டேன் பாருங்க, அதுக்குத்தான் இந்தச் செவப்பு.”

மகன் தலையைச் சொறிந்தான்.

தேவையான எல்லாவற்றையும் உள்ளே வைத்து, ஒரே கோப்பாகக் கட்டினாள். மறுபடியும் என்னைத்தான் உட்கார வைத்தாள். இறங்க வெகுநேரம் பிடித்தது. நான் எழுந்து போய்ப் பருப்பை வேகவைத்துவிட்டு வந்து பார்த்தால், கருவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு என்று ஓர் எழுத்து இல்லை.

“ஏறிருச்சு அத்தை!”

அந்தக் கோப்பைத்தான் சென்னைக்கு அனுப்பினாள். ஒரு சந்தேகம்கூடக் கேட்காமல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார்கள். கருவியை எடுத்துக்கொள்கிறோம் என்று போன் வந்தபோது, பேச்சை முடிக்காமலே மருமகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி அதை நெட்டில் வெளியிடத் தயார் செய்தாள்.

“பட்டன யாரு அமுக்குறது?” என்றான் மகன்.

“ஏலே, தள்ளி நில்லு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.