வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்

ஜெர்மனியில் என் மகள் கயலை ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் கொண்டுபோய் விட்டபோது, அந்த வீட்டம்மா வாசலிலேயே என்னை நிறுத்தி, இந்த நிமிடத்திலிருந்து இவள் என் பொறுப்பு, எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டாள். பிள்ளை யார் கண்ணில் இருக்கிறது என்பதற்கு அங்கே ‘ஔஃப்ஸிஷ்ட்’ என்று தனியாக ஒரு சொல் உண்டு. திண்டுக்கல்லில் இருக்கும் அக்காவிடம் போனில் இதைச் சொல்லிச் சிரித்தேன். பிள்ளைக்கு ரசீது போடாததுதான் பாக்கி என்றேன். நம் ஊரில் வீடு நிறைய ஆட்கள், பிள்ளை தானாக வளரும் என்று பெருமையும் பேசினேன்.

இந்த விடுமுறையில் ஊருக்கு வந்த நான்காம் நாள், காலை பத்து மணி இருக்கும். தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கக் கிளம்பினேன். அக்கா சமையலறையில். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆறு வயதுக் கயல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பொதுவாக வீட்டைப் பார்த்து “வாரேன்” என்று குரல் கொடுத்துவிட்டு நடந்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று யாரிடமும் சொல்லவில்லை. உடன்பிறந்தவளிடம் அதைச் சொல்வது அவளை அவமதிப்பது போல எனக்குத் தோன்றியிருக்கும்.

தையற்கடையில் பழைய வகுப்புத் தோழி ஒருத்தியைப் பார்த்துப் பேச்சு நீண்டுவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். அக்கா என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“பாப்பா எங்க? ஒங்கூடத்தான போச்சு?”

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல இன்னும் வரவில்லை. அத்தான் பைக்கில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நான் தெருச் சாக்கடையில் குனிந்து குனிந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் மூடியை அக்காதான் தூக்கினாள். உள்ளே தண்ணீர் மட்டும் இருந்தது. வீட்டில் இருந்துகொண்டு பார்க்கவில்லையா என்று அவளைப் பார்த்துக் கத்தினேன்.

“ரசீது போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கணும்டி நீ” என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினோம். பக்கத்து ஊரான அகரத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸிலிருந்து, காலிக் கூடையோடு ஒரு பூக்காரம்மா கயலின் கையைப் பிடித்தபடி இறங்கினார். மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவராம். முந்தின நாள் நாங்கள் போன பஸ் என்பதால், என்னைத் தேடிக் கயல் அதில் ஏறியிருக்கிறாள். பூக்காரம்மாவோடு வந்த பிள்ளை என்று கண்டக்டர் நினைத்துவிட்டார். அம்மா எங்கே என்று பூக்காரம்மா கேட்டதற்கு, “அம்மா வாரேன்னு சொன்னாங்க” என்றிருக்கிறாள். தாய் விடைபெற்றுக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டிருக்கிறாள், அகரத்தில் யாராவது வந்து அழைத்துக்கொள்வார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். யாரும் வரவில்லை. தன் வேலையைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

கிளம்புகிறவர் போறேன் என்று சொல்லலாகாது; அது நம் வழக்கம். ஜெர்மனியில் பிறந்த பிள்ளைக்கு வாரேன் என்றால் வருகிறேன் மட்டும்தான். நான் இதோ வந்துவிடுவேன் என்று படியில் காத்திருந்து பார்த்திருக்கிறாள்.

பூக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பூவயே ஈரத்துணி போட்டு மூடி, பக்கத்துல ஆள வச்சுட்டுத்தான் எந்திரிப்போம். பிள்ளைய இப்பிடியா போட்டுட்டுப் போவீக தாயி?”

அன்றிலிருந்து நான் குளிக்கப் போனாலும் கயல் கதவுக்கு வெளியே நின்று எத்தனை நிமிடம் என்று கேட்கிறாள். சொன்ன நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுகிறாள்.

ஜெர்மனிக்குத் திரும்பும் நாள் திண்டுக்கல் ஸ்டேஷனில் என் முந்தானை நுனியை அவள் கவுன் பெல்ட்டில் முடிந்துகொண்டேன். அக்கா அந்த முடிச்சைப் பார்த்தாள். ரயில் அசைந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே கைநீட்டி, ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாகச் சொன்னாள் கயல்:

“பெரியம்மா, நாங்க போறோம்.”

அக்காவின் முகம் சுண்டியது. அப்படிச் சொல்லாதே என்று பிள்ளையைத் திருத்த வாயெடுத்தவள், முந்தானை முடிச்சைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். பிளாட்பாரம் நகர்ந்துகொண்டே இருந்தது.