இங்கரம்மா மறைத்து வைத்த துட்டி

குருத்தோலை ஞாயிறு அன்று காலை பத்து மணிக்குத் துணி அலசிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. நார்வேயிலிருந்து லார்ஸ் ஐயா. வழக்கமாக மாலையில்தான் கூப்பிடுவார். பெயரைப் பார்த்ததுமே துணியைப் போட்டுவிட்டு எழுந்தேன். ஈரக்கையோடு எடுத்தேன். “செல்வி, இன்று விடியற்காலை இங்கர் இறந்துவிட்டாள்” என்றார். நான் ஏதோ உளறினேன். என்ன உளறினேன் என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்த உங்களில் பாதிப் பேருக்கு இங்கரம்மா கட்டுப் போட்டிருப்பார், மீதிப் பேரைத் திட்டியிருப்பார். தேவாலயம் நடத்திய அந்தச் சின்ன மருத்துவமனைக்கு மிஷனரி நர்ஸாக வந்தவர். கணவர் லார்ஸ் ஐயா பதிவேடு எழுதுவார், ஜெனரேட்டரைப் பழுது பார்ப்பார். நான் அங்கே உதவியாள். சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண்ணான என்னை அவர் ஒருநாளும் ஜெபத்துக்குக் கூப்பிட்டதில்லை. “நீ நேரத்துக்கு வேலைக்கு வா, அதுவே எனக்கு ஜெபம்” என்பார். புத்தகத்தில் படித்துக் கற்ற தமிழ் அவருடையது. “வலி மிகுதியா?” என்று கேட்டால், வலியோடு வந்த பெண்களும் சிரித்துவிடுவார்கள்.

அவர் இங்கே வந்த முதல் வருடம், தை மாதத்தில் ஒருநாள். கத்தி பட்டுக் காலைப் பிளந்துகொண்ட ஒரு தொழிலாளிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். லார்ஸ் ஐயா வாசலில் வந்து நின்று அவர்கள் மொழியில் இரண்டே வார்த்தை சொன்னார். இங்கரம்மா தலையாட்டினார். தையலை முடித்தார், கட்டைப் போட்டார், ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த ஆளை அனுப்பிவிட்டுக் கை கழுவும்போதுதான் என்னிடம், “என் தாய் இறந்துவிட்டாள். நீ இதை யாரிடமும் சொல்லக்கூடாது” என்றார்.

 ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். வீசா புதுப்பிக்கக் கொடுத்த தாள் இன்னும் கைக்கு வரவில்லை, இப்போது போனால் திரும்பி வர முடியுமோ முடியாதோ என்றார். “இவர்களுக்குத் தெரிந்தால் போ போ என்று என்னை அனுப்பிவிடுவார்கள். பிறகு இங்கே ஊசி போட யார் இருக்கிறார்கள்?”  சத்தியம் செய்து கொடுத்தேன். அன்று பிடித்த பயம் மூன்று மாதம் என்னை விடவில்லை. யாராவது, “சிஸ்டர் ஏன் இளைச்சுட்டாக?” என்று கேட்டால் எனக்கு வியர்த்துவிடும்.

அப்படியே ஈஸ்டரும் வந்தது. பெரிய வியாழன் மாலையில் மலையாளக் கிறிஸ்தவ வீடுகளில் பெசஹா அப்பம் அவிப்பார்கள். அரிசிமாவும் உளுந்தும் சேர்த்துக் கரைத்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைத்து வேகவைப்பது. வீட்டுப் பெரியவர் ஜெபம் செய்து பிட்டுக் கொடுக்க, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய பாலில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். இங்கரம்மாவுக்கு இதில் அப்படி ஓர் ஆசை. பக்கத்து வீட்டுத் திரேசியம்மா சேச்சியிடம் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை ஒருமுறை அவித்தும் பார்த்தார். கல்லாக வந்தது. லார்ஸ் ஐயா பாவம், வாய் திறக்காமல் தின்றார். வியாழக்கிழமை தன் அடுப்பிலேயே அவித்து அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்கும் தன் கையால் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

புதன்கிழமை சேச்சிதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் பெசஹா அப்பம் அவிக்கமாட்டார்களாம். அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுப்பார்களாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் அப்பா செத்த வருடம் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நாங்களும் பொங்கல் வைக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பொங்கலை வாங்கிய நிமிஷத்தில்தான் அம்மா வாய்விட்டு அழுதாள். இது வெறும் பலகாரச் சமாச்சாரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நேரே இங்கரம்மாவிடம் ஓடினேன். “சிஸ்டர், இந்த வருசம் வேண்டாம். துட்டி வீட்டுல அவிக்கக் கூடாதாம். பொறவு தெரிஞ்சா, நம்மள ஏமாத்திட்டாகளேன்னு சங்கடப்படுவாக.”

அவர் மாவைச் சலித்துக்கொண்டே, “யாருக்கும் தெரியாதே, செல்வி. தெரியாத துக்கத்துக்கு என்ன சட்டம்?” என்றார். பிடிவாதம் என்றால் அப்படிப் பிடிவாதம்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அன்று முழுக்க மனசு அல்லாடியது. சொன்னால் சத்தியத்தை மீறியவள் ஆவேன், வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் என்றைக்காவது ஒருநாள் லார்ஸ் ஐயா வாயிலிருந்தே விஷயம் வந்துவிடும். துட்டியை மறைத்து எங்களுக்கு அப்பம் கொடுத்தாள் என்று அதே ஆறு வீடும் முகம் திருப்பினால், அந்த அம்மா யாரை நம்பி இங்கே இருப்பார்? வியாழக்கிழமை காலையில் சேச்சி வீட்டுக் கிணற்றடியில் போய் நின்று, நாக்கு குழறக் குழறச் சொல்லிவிட்டேன்.

சேச்சி கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். “என்ட கர்த்தாவே! எடீ செல்வி, மூணு மாசமாயிட்டு நம்ம ஒருத்தரும் துக்கம் கேக்க அந்த வீட்டுப் படி ஏறலையே!”

மாலையில் இங்கரம்மா இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றப் போகும் நேரத்தில் ஆறு வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு தட்டு, வாழை இலையால் மூடியிருந்தது.  சேச்சி நேரே அடுப்படிக்குப் போய், கரைத்து வைத்திருந்த மாவை ஒரு தட்டால் மூடி ஓரமாக வைத்துவிட்டுத் தன் அப்பத்தை மேசைமேல் வைத்தார். லார்ஸ் ஐயாதான் முதலில் உடைந்தார். கைக்குட்டை தேடி மேசை டிராயர்களை எல்லாம் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இங்கரம்மா அழவில்லை. மாவு ஒட்டிய கையோடு நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் செத்துப் பிழைத்தேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவை நட்ட குரிசுமலைக்கு ஊரே ஏறியது. எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாரும் வருடாவருடம் போவோம், நானும் போனேன். இங்கரம்மா செருப்பில்லாமல், வெயிலில் சிவந்த முகத்தோடு எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். திரும்பியே பார்க்கவில்லை. உச்சியில், இயேசுவுக்குக் கொடுத்த கசப்பின் நினைவாக எல்லாருக்கும் பாகற்காய்ச் சாறு கொடுத்தார்கள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இறங்கிப் போனார். போச்சு, இனி அந்த வீட்டு வாசலை நம்மால் மிதிக்க முடியாது என்றே முடிவு கட்டினேன். சனிக்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து பூசை முடிந்ததும் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. “என் தாய் மூன்று மாதங்களுக்கு முன் இறந்தாள் என்று நினைத்தேன். வியாழக்கிழமைதான் இறந்திருக்கிறாள்” என்றார். பிறகு விரலை நீட்டி, “ஆனாலும் நீ செய்தது தவறு!”

“தப்புதான் சிஸ்டர். இன்னொரு வாட்டி வந்தாலும் இதையேதான் செய்வேன்” என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்து அழுதார்.

வீசா பிறகு வந்தது. நோய் வந்து ஊருக்குத் திரும்பும்வரை இங்கேதான் இருந்தார். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கவலை. “யாருக்கும் தொந்தரவு வேண்டாம்” என்று சொல்லும் ஆட்களை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை. நேற்று லார்ஸ் ஐயாவைக் கூப்பிட்டேன். “நான் நலம், செல்வி. யாருக்கும் தொந்தரவு வேண்டாம்” என்றார். அந்த ஊரில் துட்டி வீட்டுக்கு யாராவது ஏதாவது கொண்டுபோவார்களா, எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது. நாளை மறுநாள் பெரிய வியாழன். அவர் எண் உங்களில் பலரிடம் இருக்கிறது. மாலையில் ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். நலம் என்று சொன்னால் வைத்துவிடாதீர்கள்.