விரல் படிந்த இடம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் பேசுவதைக் கண்டுபிடிக்காவிட்டால் இருபது வருஷமாக அவள் இந்த வேலையில் இருந்து என்ன பிரயோஜனம்? தெரிந்த அன்று கோபப்படவில்லை. யார் வைத்தது என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொண்டாள்.

கம்பெனி செய்யும் ஆப் வெளியே போவதற்கு முன் அதில் குற்றம் கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். மற்றவர்கள் சாயங்காலம் வேலையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இவள் வீட்டுக்கும் கொண்டுபோவாள். கடைக்காரர் சிரித்தால் இன்றைக்கு எடை குறையும் என்பாள். பக்கத்து வீட்டுக்காரி வலிய வந்து நலம் விசாரித்தால் ஏணி கேட்கப் போகிறாள் என்பாள். அவளும் கடைசியில் ஏணி கேட்டுத் தொலைப்பாள்.

அவளிடம் ஒரு வித்தை உண்டு. ஆப் தயாரானதும் வெளியாட்கள் சிலரைக் கூப்பிட்டு, ஃபோனைக் கையில் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்வார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், வந்தவர்கள் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அந்தப் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஃபோனை வாங்கி, திரையை அணைத்து, ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். கறுத்த கண்ணாடியில் விரல் பட்ட இடமெல்லாம் பிசுக்காகத் தெரியும். எங்கே தேடினார்கள், எங்கே வீணாக அழுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்பது அவள் கட்சி.

யானைக்கும் அடி சறுக்கும். அவளுக்குச் சறுக்கியது ஒரு படத்தில்.

ஆறு மாதத்துக்கு முன் ஓர் ஆஸ்பத்திரி அவர்களிடம் ஓர் ஆப் கேட்டது. இதய நோயாளிகள் தினமும் காலையில் வீட்டிலேயே பிரஷர் பார்த்து, அந்த எண்ணை டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதை அழகாக்கும் பொறுப்பு டிசைனருடையது. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் வருகிற மனிதர் அவர். எண்ணைப் போட்டதும் திரை நிறைய மாதுளை நிறத்தில் ஓர் இதயம் வரும். நிதானமாகத் துடிக்கும். தொட்டால் மூன்று முறை விரிந்து சுருங்கும். "அனுப்பு" என்ற சொல்லை அதற்கு அடியில், சாம்பல் நிறத்தில், மெல்லிய எழுத்தில் வைத்திருந்தார். சுற்றி ஒரு கட்டம்கூட இல்லை. கட்டம் போட்டால் அசிங்கமாக இருக்குமாம்.

சந்தேகப்பட வேண்டியதெல்லாம் சோதனையன்று அவள் கண்ணெதிரேதான் நடந்தது. ஒவ்வொருவரும் ஃபோனைத் திருப்பிக் கொடுத்ததும் டிசைனர் பாக்கெட்டிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துத் துடைத்தார்.

"எதுக்குத் துடைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"பிசுக்கு இருந்தா கலர் எடுபடாது மேடம்."

யாராவது திணறினால், "கொஞ்சம் கீழ பாருங்க சார்" என்று அடியெடுத்தும் கொடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் 'ரொம்ப சுலபம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அழகாக இருந்தால் சுலபமாகவும் இருக்கும் என்று மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். திணறினால் பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். இதை எத்தனையோ கூட்டத்தில் தொண்டை வறளச் சொன்னவள் அவள்.

வேறு நாளாக இருந்தால் அந்த மஞ்சள் துணி ஜன்னல் வழியாகப் பறந்திருக்கும். ஆனால் அந்த வாரம் அவள் கணவர் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலையில் கண்ணாடிக் கதவு வழியாக அவரைப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். திரையில் அந்த இதயம் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் நிறைந்தது. ஜன்னலோரம் போகவில்லை. வெளியே விடலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கணவர் பிழைத்து வந்தார். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரலில் எண்ணெய்க் கறை போகாத ஆள். நல்லவர்தான், ஆனால் பொய் சொல்வார். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாக்கெட்டை ஒளித்து வைத்து இரண்டு முறை பிடிபட்டிருக்கிறார். மூன்றாம் முறைக்காக அவள் காத்திருந்தாள்.

போன மாதம் டாக்டர் வீரியமான மாத்திரைக்கு மாற்றினார். கூடவே ஆஸ்பத்திரியில் அந்த ஆப்பையும் அவர் ஃபோனில் போட்டுக் கொடுத்தார்கள். முதல் எண்ணை நர்ஸ் தானே அனுப்பிக் காட்டினார். வீட்டில் அந்த மாதுளை நிற இதயத்தைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இது என் கை வழியாகத்தான் வெளியே போனது என்று அவரிடம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஏதாவது குறை சொல்வாரோ என்று ஒரு சந்தேகம்.

பத்தாம் நாள் மத்தியானம் நர்ஸ் கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரர் ஒன்பது நாளா ஒண்ணுமே அனுப்பல. இந்த மாத்திரைக்கு சில பேருக்கு பிரஷர் ரொம்ப இறங்கிடும். எண்ணைப் பாத்தாதான் டாக்டர் குறைக்க முடியும். எங்கயாவது மயங்கி விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

மாடிப்படியில் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற மனிதர் அவர். அடுத்த நொடியே மனசு கணக்குப் போட்டுவிட்டது. எண் நன்றாக இருந்தால் ஏன் அனுப்பாமல் இருக்கப் போகிறார்? சரியில்லை, அதனால் மறைக்கிறார். ஏன் சரியில்லை? தண்ணீர்த் தொட்டிதான்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சட்டைப் பையைத் தடவினாள். கருவிப் பெட்டியைக் கொட்டினாள். லைட்டர் கிடைத்தது.

வேலையிலிருந்து வந்தவர் முன்னால் அதை நீட்டினாள். "இது என்னங்க?"

"லைட்டர். செப்புக் குழாய ஒட்ட வைக்கணும்னா நெருப்பு வேணும். நாக்குலயா பத்த வைக்க முடியும்?"

"ஒன்பது நாளா எதையும் அனுப்பலியாமே."

"தினமும் அனுப்பினேன்."

"சிஸ்டரே சொல்றாங்க."

"சிஸ்டர் சொன்னா வேதம், நான் சொன்னா பொய்யா?"

"இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் என்ன, உண்மையா?"

பிரஷர் மிஷினை எடுத்துவந்து பட்டையைக் கட்டப் போனவளின் கையை அவர் தள்ளிவிட்டார். "என்னைப் பிடிச்சுக் கட்டிப் பாக்க நான் என்ன திருடனா? காலையில நானே பாத்துக்கறேன்" என்று போய்ப் படுத்துக்கொண்டார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவள் கையைத் தள்ளியது அதுதான் முதல் தடவை.

விடிந்ததும் அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துத் தானே கட்டிக்கொண்டார். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். ஃபோனை எடுத்தார், தட்டினார், "போயிடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குளிக்கப் போனார். நடிப்பில் பலே கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டே அவள் ஃபோனைக் கையில் எடுத்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று திரையை அணைத்து வெளிச்சத்தில் சாய்த்தாள்.

கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு பெரிய கறை. பத்து நாள் எண்ணெய், ஒன்றன் மேல் ஒன்றாக, அதே இடத்தில். அதற்குக் கீழே, சாம்பல் எழுத்து இருக்கிற இடம், கடையில் வாங்கிய அன்று போலப் பளிச்சென்று இருந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். தினமும் அவர் இதயத்தைத்தான் அழுத்தியிருக்கிறார். அதுவும் மூன்று முறை விரிந்து காட்டியிருக்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பியிருக்கிறார். அந்த வீட்டில் பொய் சொன்னது அந்தப் படம் ஒன்றுதான்.

குளித்துவிட்டு வந்தவரிடம், "எவ்வளவு இருந்துச்சுங்க?" என்றாள்.

"மேல எண்பத்தெட்டுதான். நாலு நாளா எழுந்தா கண்ணு இருட்டுது. டாக்டர்தான் பாத்துக்கிட்டு இருக்காரேன்னு சும்மா இருந்தேன்."

அவள் உடனே நர்ஸைக் கூப்பிட்டாள். பத்து நிமிஷத்தில் டாக்டரே பேசினார். மாத்திரையைப் பாதியாக்கினார். இரண்டு நாள் வேலைக்குப் போகக் கூடாது என்றார்.

கோளாறு ஆப்பில்தான் என்று கேட்டதும் கணவர் பொரிந்து தள்ளினார். "எவன் இதச் சரின்னு சொல்லி வெளிய விட்டானோ, அவன் கையில கிடைக்கணும்!" அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அலுவலகத்தில் அந்த ஃபோனைத் துடைக்காமல் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் சாய்த்துக் காட்டினாள். டிசைனர், "எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சே மேடம்" என்றார்.

"எனக்கும்தான் பிடிச்சுது. நான்தானே கையெழுத்துப் போட்டேன்." அங்கே அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. "ஆஸ்பத்திரியில விசாரிச்சேன். அனுப்பாத அலட்சியக்காரங்கன்னு நாப்பது பேர எழுதி வச்சிருக்காங்களாம்."

நாற்பது வீட்டிலும் யாரோ ஒருவர் நேற்று சட்டைப் பையைத் தடவியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்ப அந்த இதயத்த எடுத்துட்டு, ஒரு பெரிய பட்டனா வச்சிடறேன்" என்றார் டிசைனர், முகம் சுண்டிப்போய்.

"எடுக்காதீங்க. கை தானா அங்கதான் போகுது. அதத் தொட்டாலே எண் போகட்டும். போய்ச் சேர்ந்த பிறகுதான் துடிக்கணும். அதுவரைக்கும் அசையவே கூடாது."

நாற்பது பேருக்கும் நர்ஸ் அன்றே கூப்பிட்டுப் பேசினார். புதுப்பித்த ஆப் ஒரு வாரத்தில் வந்தது. அன்று காலை கணவர் பட்டையைப் பல்லால் கடித்துக் கட்டி, எண்ணைப் போட்டு, திரையைத் தொட்டார். "துடிச்சுது. போயிடுச்சு!" என்று கத்தினார்.

"சரிங்க" என்றாள் சமையலறையிலிருந்து.

அவர் எழுந்து சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். "வந்து பாக்கலியா?"

"நீங்க சொன்னா போதும்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இல்லியே. என்னமோ மறைக்கிற நீ."

இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தால் சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"அந்த ஆப்புக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

"நீயா? நீ எப்படி விட்ட?" என்றார்.

"அழகா இருந்துச்சு. நீங்க உள்ள படுத்துக் கிடந்தீங்க. அது பாட்டுக்கு நிக்காம துடிச்சுது. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

அவர் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டியிருந்த பட்டையை அவிழ்த்தார். அந்தச் சண்டைக்குப் பிறகு அவளைத் தொட விடாத கையை மேஜை மேல் நீட்டி வைத்தார்.

"நான் கட்டினது லூசா இருந்துச்சு. நீ ஒரு தடவ கட்டு."

அவள் கட்டினாள். மிஷின் காற்றை ஊதி நின்றது. எண்ணை அவர்தான் படித்துச் சொன்னார். அவள் எட்டிப் பார்க்கவில்லை.